மேல் வீட்டுச் சாப்பாடு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? என் மகளுக்கு இருமல் விட்டதா? வெந்நீர் மட்டும் கொடு. எவ்வளவு கெஞ்சினாலும் ஐஸ் வாங்கித் தராதே. இந்த வீட்டில் போனில் பேசினால் பக்கத்து அறைவரை கேட்கும், அதனால்தான் கடிதம்.

மலை நகரம் என்றதும் ஏதோ பூந்தோட்டம் என்று நினைத்திருந்தேன். எங்கே பார்த்தாலும் படிக்கட்டுதான். சுவரெல்லாம் பாசி, துவைத்த துணி காய்வதே இல்லை. கீழ்த் தெருக்களில் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள், மேலே மலையின் பூர்வகுடிகள். அவர்கள் வீட்டு வாசலெல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்து இருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்குப் பின்சுவர்தான் தெரியும். உள்ளே என்ன நடக்கிறதென்று யார் கண்டது?

விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்தது ஊர் பார்க்க அல்ல என்று உனக்குத் தெரியும். நம் பக்கம் மாற்றல் கிடைத்தும் ஒரு மனிதர் 'இப்ப வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? என்னைப் பார்த்ததும் இவர் முகத்தில் ஈயாடவில்லை.

ரோப் கார் மெக்கானிக்குக் காலையில் என்ன சிங்காரம்? தலைசீவி, வெளுத்த சட்டை போட்டுக்கொள்கிறார். கிரீஸ் படிந்த வேலைச் சட்டையைப் பையில் திணித்துக்கொள்கிறார். நான் சுடச்சுடச் செய்து வைத்தால் 'பசிக்கல' என்கிறார். சட்டையில் ஒரு பொத்தான் சிவப்பு நூலில் தைத்திருந்தது. இவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாதே! கேட்டால் 'தெரிஞ்சவங்க' என்றார். வீட்டுக்கார அம்மாவைத் துருவினேன். 'அதெல்லாம் அவர்கிட்டயே கேட்டுக்கங்கம்மா' என்று கதவைச் சாத்திக்கொண்டாள். டீக்கடைக்காரர்தான் வாய் தவறி, 'சாருக்கு தினமும் மேல் வீட்டுலதானே சாப்பாடு' என்றார்.

மறுநாள் இவர் பின்னாலேயே மேல் தெருவுக்குப் போனேன். சொந்த வீடு மாதிரி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். ஒரு பெண் கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிறாள். சின்ன வயசு. லட்சணமாகத்தான் இருக்கிறாள், பொய் சொல்வானேன். விறுவிறுவென்று உள்ளே போய், 'இதுதான் உங்க டூட்டியா?' என்று கத்திவிட்டேன்.

இவர் வாயில் வைத்த சோற்றை விழுங்க முடியாமல் அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மாமியார் எனக்கும் ஒரு மணையைப் போட்டாள். நம் பேச்சு அரைகுறையாக வருகிறது அவளுக்கு. அவள் மகனும் இவரோடு வேலை பார்த்தவனாம். போன மழைக்காலத்தில் ஒருநாள் இவருடைய ஷிப்டுக்கு அவன் ஏறியிருக்கிறான். கம்பத்திலிருந்து விழுந்து போய்விட்டான். படுபாவி மனுஷர், என்னிடம் மூச்சுவிடவில்லை.

இன்னொருத்தர் வேலைக்குப் போய் ஒருவன் செத்தால், அந்த இன்னொருத்தர் ஒரு வருஷம் அவன் இடத்தில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும். அது இவர்கள் வழக்கமாம். 'கோவம் இல்லைன்னு நாங்க சோறு போட்டுத்தான் சொல்லுவோம். பாதியில எந்திரிச்சுப் போனா கோவமும் தீராம பாதியிலேயே நின்னுடும்' என்றாள் அந்த அம்மாள். மாற்றலை இவர் ஏன் வேண்டாமென்றார் என்று அப்போதுதான் விளங்கியது.

வருஷம் முடிகிறவரை நானும் இங்கேயே இருக்கிறேன் அக்கா. தினமும் கூடவே போகிறேன். பரிதாபம் ஒரு பக்கம் இருந்தாலும், அவள் தண்ணீர் ஊற்றும்போது என் கண் தானாக அவள் முகத்துக்குத்தான் போகிறது. இந்தப் பாழும் மனசை என்ன செய்ய? இன்றைக்குச் செம்பை நான் வாங்கிக்கொண்டேன். வருஷம் முடியும்வரை என் மகளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். அன்றைக்கு இவர் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. எந்த நாள் என்று தெரிந்ததும் எனக்கே புரிந்துவிட்டது. நீ புது வீடு குடிபோன நாள். லீவு இல்லை என்றவரை நாம் இரண்டு பேரும் போன் மேல் போன் போட்டு வரவழைத்தோமே, அந்த நாள். நீ அழாதே. நமக்கு என்ன தெரியும்?

உன் கூடத்தில் மாட்டியிருக்கும் அன்றைய போட்டோவில் இவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் வருவதற்குள் அதை எடுத்து உள்ளே வைத்துவிடு. அத்தான் கேட்டால் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்.

உன் வீடு என்றைக்கும் நிறைந்திருக்கட்டும் அக்கா.

உன் தங்கை