நான் தள்ளிப்போட்ட செவ்வாய்க்கிழமை

சூக்ரே,
மே 19

அன்பு மகள் கிரிசெலுக்கு அம்மா எழுதுவது. லிஸ்பனில் நீ நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌகரியம். குளிர் ஆரம்பித்ததும் அப்பாவுக்கு முதுகுவலி திரும்பிவிட்டது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை சூப் வைப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். போன வாரம் போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். அறுவைச் சிகிச்சை செய்வதை நான் ஏன் நிறுத்திவிட்டேன், உன் தம்பி எஃப்ராயின் ஏன் போனை எடுப்பதில்லை என்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உனக்கு இரண்டு வயதில் நான் விழித்திரை அறுவைச் சிகிச்சை படிக்க மெக்சிகோ போனேன். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது நீ அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "இந்த ஆன்ட்டி எப்பப்பா ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டாய். அப்படிக் கொடுத்து வாங்கிய படிப்பு இது. சர்க்கரை வியாதியில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தவர்கள், சுரங்கத்தில் அடிபட்டவர்கள் என்று எத்தனையோ பேருக்குச் செய்தேன், ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டது குறைமாதக் குழந்தைகளிடம்தான். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வளர்ந்து முடிவதற்குள் பிறந்துவிடுகிறார்கள், பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும், சில நாட்களுக்குள் லேசர் வைத்தால் காப்பாற்றலாம், விட்டால் போனதுதான். செவ்வாய்க்கிழமைதோறும் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு நான் இன்குபேட்டர் வார்டுக்குப் போக ஆரம்பித்தபோது, "என்ன டாக்டரம்மா, கோழிக்குஞ்சுக்கெல்லாம் கண்ணாடி போடப் போறீங்களா?" என்று கூட வேலை பார்த்தவர்களே சிரித்தார்கள். பத்தொன்பது வருஷம் போனேன். தாய்மார்களிடம் ஒரே பேச்சுதான்: "மழை கொட்டட்டும், மறியல் நடக்கட்டும், அடுத்த செவ்வாய் பிள்ளை இங்க இருக்கணும்." மறியலில் பஸ் நின்றுபோய், பிள்ளையைப் போர்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு ஒன்பது மணி நேரம் நடந்து வந்த ஒருத்தியையும், ஏன் ஒரு நாள் தாமதம் என்று திட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் எஃப்ராயினுக்கும் நொயெமிக்கும் அய்லின் பதினொரு வாரம் முன்னதாகப் பிறந்தாள் என்பது உனக்குத் தெரியும். அவளுடைய கண்களை வேறு யாரையும் பார்க்க விடாமல் நானே பார்த்தேன், முதல் தப்பு அதுதான். பிப்ரவரியில் எடை ஏறி வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, இரண்டு கண்ணிலும் ஓரத்தில் வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோடு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், சில சமயம் அடங்காது, அதனால்தான் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வோம். வராந்தாவில் எஃப்ராயின் கேட்டான்: "அம்மா, கார்னிவல் திருவிழாவுக்கு நொயெமி அவ அம்மா வீட்டுல இருக்கணும்னு ஆசைப்படுறா. குழந்தைக்குச் சளி வேற. ஒரு வாரம் தள்ளி வந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" நொயெமி எழுபது நாளாக அந்த வார்டு நாற்காலியில் தூங்கியவள். அவள் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்க" என்றேன். வேறொருத்தி கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் மகளே. அவர்கள் நொயெமியின் அம்மா ஊரான மான்தெயாகூதோ போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மழையில் மலை சரிந்து பாதை அடைபட்டது. ஒரு வாரம் தள்ளியது மூன்று வாரமாகிவிட்டது.

அவர்கள் வந்து இறங்கியபோது விளக்கு தேவைப்படவில்லை. ஜன்னல் வெளிச்சத்திலேயே வலது கண்ணின் கருமணி வெள்ளையாகத் தெரிந்தது. என் கை நடுங்கியது, அந்தக் கையை நம்பி அவளைத் தொட எனக்குத் துணிவில்லை. அன்றைக்கே சாந்தா குரூசுக்கு விமானத்தில் கூட்டிப்போனோம். என்னோடு படித்த டாக்டர் அரான்சிபியா இரண்டு முறை ஆபரேஷன் செய்தார். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தெல்ஃபினா, வலது கண் போயிடுச்சு. இடதுல வெளிச்சம் இருட்டு தெரியலாம், அதுக்கு மேல எதிர்பார்க்காதே" என்றார்.

எல்லோரும் மழையைத்தான் குறை சொன்னார்கள். எஃப்ராயின்கூட என்னைக் கட்டிக்கொண்டு, "பாதை அடைச்சா நீங்க என்னம்மா செய்வீங்க" என்று அழுதான். ஒரு மாதம் அந்த ஆறுதலைச் சும்மா வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் எஃப்ராயின், நொயெமி இருவரையும் உட்காரவைத்து, கோடு இருந்ததையும், தெரிந்தே தள்ளிப்போட்டதையும் சொல்லிவிட்டேன். எஃப்ராயின், "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றான். நொயெமி கத்தவில்லை. "அத்தை, ஊரார் பிள்ளையா இருந்தா அனுப்பியிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அவர்கள் இங்கே வரவில்லை. ஆஸ்பத்திரிக் கூட்டத்திலும் எழுந்து நின்று, நோயாளியின் பெயர் என் பேத்தியின் பெயர் என்று சொல்லி, நடந்ததை வாசித்தேன். செவ்வாய் வார்டு நிற்கவில்லை, இளைய டாக்டர்கள் இருவர் பார்க்கிறார்கள். கத்தியை நான் இனித் தொடப்போவதில்லை. இதைத் தண்டனை என்று நினைக்காதே, கை இன்னும் நடுங்குகிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். தம்பி போனை எடுத்தால் என் பக்கம் பேசாதே. அம்மா எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினாள் என்று கணக்குச் சொல்லாதே, அந்தக் கணக்கில் அவன் பிள்ளை இல்லை. நொயெமி அழுதால் அழவிடு, என்னைத் திட்டினால் குறுக்கே பேசாதே. எனக்காக டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம், அப்பா பார்த்துக்கொள்கிறார்.

கடல்காற்று அடிக்கும் ஊரில் காதை மூடிக்கொண்டு போ. கடவுள் உன் கூடவே இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். மறந்துவிடாதே, அவர்களுக்குப் படம் அனுப்பாமல் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பு. "நான் கிரிசெல் அத்தை" என்று பெயர் சொல்லி, மெதுவாக, கொஞ்சம் சத்தமாகப் பேசு. அய்லின் நம்மையெல்லாம் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்ளப்போகிறாள், உன்னுடையதையாவது இப்போதே பழகிக்கொள்ளட்டும்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா தெல்ஃபினா