அக்னி மூலையில் வைஃபை

ராஜகீழ்ப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மிருதுளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடந்தது வைஃபை ஒன்றுதான், அதுவும் போன சனிக்கிழமையோடு தேறிவிட்டது. ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸப் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் போனை அப்பாவும் பார்ப்பார். கடிதத்தைப் பிரிக்க மாட்டார், நீளமாக எழுதிய எதையும் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

எம்.ஏ. தத்துவத்தின் கடைசித் தாளை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். மூன்று முறை இணையம் அறுந்தது. மாயை பற்றிய விடையில் பாதியில் இருக்கும்போது திரை என்னை வெளியே தள்ளிவிட்டது. நிஜத் தேர்வில் இரண்டு முறை அறுந்தாலே தாள் செல்லாது, மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் ஒரு வருஷத்தை அப்படித் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. உன்னைக் கேட்டேன், அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்றாய். காட்டாங்குளத்தூரில் நாலு வருஷம் பொறியியல் படித்து நீ கற்ற அந்த வைத்தியத்தை அப்பா எதுவும் படிக்காமலே மிக்ஸிக்குச் செய்துகொண்டிருக்கிறார். பிறகு இணைய கம்பெனியிலிருந்து தனசிங் என்பவர் வந்தார். தன் போனை ரவுட்டருக்கு முன்னால் கற்பூரம் மாதிரி காட்டிவிட்டு, "லைன் பக்காவா கீது மேடம், உங்க லேப்டாப்தான் பேஜார் பண்ணுது" என்றார். லேப்டாப்பைப் பொத்தேரியில் உள்ள ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே உமேஷ் என்ற பையன் எதையோ அழித்து எதையோ ஏற்றி, லேப்டாப் தங்கம் ஆன்ட்டி, கோளாறு லைனில்தான் என்றான். இரண்டு நிபுணர்களுமே தங்கள் பக்கம் குற்றமில்லை என்று நிரூபித்துவிட்டார்கள். நானும் முப்பது வருஷம் வருகைப் பதிவேடு எடுத்தவள்தானே, ஒரு நோட்டை எடுத்து, இணையம் அறுகிற நேரத்தையெல்லாம் குறித்தேன். பத்து பத்து, பத்து ஐம்பது, பதினொன்றரை. மூன்றாம் நாள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினேன், சமையலறையில் மைக்ரோவேவ் மணி அடித்தது. உன் அப்பா காபி சுட வைத்திருந்தார்.

ஒரே காபியை ஒரு காலைப் பொழுது முழுக்கச் சுட வைத்துச் சுட வைத்துக் குடிப்பவர் அவர் என்பது உனக்குத் தெரியும். தெரியாதது, ரவுட்டர் இப்போது அந்த அடுப்பின் தோளில் உட்கார்ந்திருப்பது. பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணன் மனை விற்ற நேரம் போக வாஸ்து பார்க்கிறார். மின்சாரம் அக்னி, ஆகவே வைஃபையும் அக்னி, அது தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்றாராம். அந்த அரிகிருஷ்ணன் ஏரிக்கரையில் விற்ற மனைகளில் கார்த்திகை பிறந்தால் நாலு மூலையிலும் வருண பகவான்தான். ஆனாலும் அப்பா ஹாலில் இருந்ததைக் கழற்றி, சமையலறைக்கு வயர் இழுக்க வைத்துவிட்டார். மைக்ரோவேவோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன், இந்த வீட்டில் அதைப் பிரித்த முதல் ஆள் நான். வைஃபை கருவிக்கு அருகில் அடுப்பை வைக்காதீர்கள், அலைகள் மோதும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். ரவுட்டர் அங்கே இடம் மாறிய வாரமே தன் முழங்கால் வலி குறைந்தது என்றார். அதே வாரம் மாத்திரையை மாற்றிய டாக்டருக்கு அதில் பங்கில்லையாம். அடுப்பையாவது நகர்த்துங்கள் என்றேன், அதுவும் அக்னிதானே என்றார். தேர்வு முடியும் வரை காபியை ஆறியபடி குடியுங்கள் என்றேன், நான் விவாகரத்து கேட்டது மாதிரி பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவர் நடைக்குப் போன நேரத்தில் தனசிங்கை மறுபடி வரவழைத்தேன். பரணில் கிடந்ததே பழைய கம்பெனியின் செத்த ரவுட்டர், அதே வெள்ளைப் பெட்டி, அதை அக்னி மூலையில் வைத்து, ஒரு துண்டு வயரைச் சொருகி, மின்சாரம் கொடுத்தோம். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஆயுத பூஜைக்கு அப்பா நிஜ ரவுட்டருக்கு வைத்த குங்குமப் பொட்டைப் போலவே இதற்கும் அதே இடத்தில் ஒன்று வைத்தேன். நிஜ ரவுட்டர் இப்போது ஹாலில் என் புத்தக அலமாரியில் இருக்கிறது, முப்பத்தாறு வருஷத்தில் அவர் கை படாத ஒரே இடம். தனசிங்கிடம் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை, "இந்த ஏரியாவுல இது நாலாவது வூடு மேடம்" என்றார்.

சனிக்கிழமை நிஜத் தேர்வை மூன்று மணி நேரம் எழுதினேன். அடுப்பு நாலு முறை மணி அடித்தது, இணையம் ஒருமுறைகூட அறுபடவில்லை. மாயையையும் இந்தத் தடவை முழுதாக எழுதி முடித்தேன். இனி மதிப்பெண் குறைந்தால் அது என் குறை, காபியின் குறை அல்ல. அப்பாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. அக்னி மூலைக்குப் பலன் தரச் சற்றுக் காலம் ஆகும் என்று அரிகிருஷ்ணன் முன்பே சொன்னாராம். என் தேர்வைச் சான்றாகக் காட்டி அந்த வாஸ்துக்காரர் இதற்குள் இன்னும் இரண்டு வீடுகளில் ரவுட்டரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். தனசிங்குக்கு வேலை இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, பனி கொட்டும் நாளில் மாப்பிள்ளையை வண்டி எடுக்க விடாதே. இருவரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வீடியோவில் அப்பா அந்த மூலையின் மகிமையைச் சொன்னால் தலையை ஆட்டு, சிரிக்காதே, இப்போது படம் தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கடிதத்தைத் தபாலாபீஸில் சேர்க்கப் போவதும் அவர்தான். மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், நல்ல நேரத்தில் போட்டால்தான் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் அவசரப்படுத்துகிறார்.

ஆசிகளுடன்,
அம்மா நாகலக்ஷ்மி