மறுநாளுக்கு நாலு புழு

ஜூன் 4

அன்புள்ள கழுகுக்கண்ணிக்கு,

நான் நலம். நீ, மகள், பேரன் மூவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மாடித் தொட்டிகளில் கத்தரி இலையெல்லாம் சல்லடை. பச்சைப்புழு. முப்பது வருஷமாக நீ இலையைத் திருப்பிக் காட்டுவாய், நான் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுவேன். இப்போது கண்ணாடி போட்டாலும் எது நரம்பு, எது புழு என்று தெரியவில்லை. நேற்று நல்ல காம்பு ஒன்றைக் கிள்ளித் தொலைத்தேன். செம்பருத்தியில் வேறு மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கிறது.

மகளின் பிரசவத்துக்கென்று போனபோது மூன்று மாதம் என்றாய். எட்டு முடிகிறது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவனை ஏமாற்ற முடியாது. எப்போது வருகிறாய்?

உன் டைம்கீப்பர்

ஜூன் 15

அன்புள்ள டைம்கீப்பருக்கு,

குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். உங்கள் பேரன்தான், சந்தேகம் வேண்டாம். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

இலையின் அடிப்பக்கம் பாருங்கள். ஓர் இலைமேல் கறுப்பாகப் புழு எச்சம் கிடந்தால் அதற்கு மேல் இலையில் புழு இருக்கும். மாவுப்பூச்சிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாக அடியுங்கள். பால்கனியில் வைக்கத் தொட்டி வாங்கட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். வருவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி

ஜூன் 28

அன்புள்ள கழுகுக்கண்ணிக்கு,

நீ சொன்னபடி தண்ணீர் அடித்தேன். மொட்டுத்தான் உதிர்ந்தது, பூச்சி அசையவில்லை. நீ செடி வாங்குகிற நர்சரிக்காரர் வேப்பெண்ணெய்க் கரைசல் கொடுத்திருக்கிறார். இனி உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலைக்காகாது என்று ஜூலை இருபதாம் தேதிக்கு ரயில் டிக்கெட் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வந்து நீயே பார்த்துக்கொள்.

உன் டைம்கீப்பர்

ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் வரப்போவதில்லை. இருபதாம் தேதி மட்டுமல்ல, இனி எப்போதும்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது, வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புழுவையும் ஒரே நாளில் நான் உங்களுக்குக் காட்டியதே இல்லை. மறுநாளுக்கென்று நாலை விட்டுவைப்பேன். காலையில் அந்த அரைமணிதான் நீங்கள் என்னோடு பேசுவீர்கள். "அங்க பாரு, இன்னொண்ணு. தப்பிச்சிடப் போகுது!" அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் டிப்போ, பேப்பர், தூக்கம். நீங்கள் ரிட்டயர் ஆனால் மாறும் என்று இருந்தேன். அதன் பிறகும் அதே அரைமணிதான்.

அதற்காகத்தான் பூச்சி வளர்த்தேன்.

இங்கே வந்த புதிதில் விடியும்போது ஏக்கமாக இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. குழந்தை எழுந்தால் எழுகிறேன், தூங்கினால் தூங்குகிறேன். செடிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்

ஜூலை 24

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று முறை படித்தேன்.

வேப்பெண்ணெய் வேலை செய்துவிட்டது. தேடினாலும் ஒரு பூச்சி கிடையாது. பழக்க தோஷத்தில் காலையில் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

செடிகளைக் கொடுக்கலாம் என்று நேற்று நர்சரிக்காரரை வரச்சொன்னேன். வந்தவர் வாசலிலேயே, "அம்மாவுக்கு முழங்கால் வலி இப்ப எப்படி சார் இருக்கு? படி ஏற முடியுதா?" என்று கேட்டார். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டேன். செடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். உனக்கு முழங்கால் வலி என்பது எனக்குத் தெரியாது. எவ்வளவு யோசித்தும், நீ நொண்டியதாகக்கூட நினைவில்லை.

வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. எந்தக் கால் என்று மட்டும் எழுது.