வருமுன் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன்னைத் தூங்கவிடாமல் உள்ளேயிருந்து உதைக்கும் அந்த ஆளும் சௌக்கியம் என்று நீ எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். கால் வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால் எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், அப்படியே உன் அப்பா புத்தி. அவருக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் கியர் விழ மாட்டேங்குது என்கிறார், பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வருஷம் ஆகியும் மனுஷர் ஸ்டியரிங்கை விட்டபாடில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வாரம் ஒருமுறை வந்து இரண்டு பேருக்கும் பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார். அப்பாவுக்கு எப்போதும்போல, எனக்குத்தான் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் நீ டிக்கெட் எந்தத் தேதிக்கும்மா என்று முந்திக்கொண்டாய், நான் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன். சுற்றி வளைத்தால் எனக்கே தைரியம் போய்விடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பிரசவத்துக்கு நான் வர முடியாது. படித்தவுடன் அழாதே, உட்கார்ந்துகொள், கொஞ்சம் தண்ணீர் குடி, மீதியைப் படி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகம் வரும் விதம் உனக்குத் தெரியாது. புத்தகம் வருவதற்கு முன்னால் ஒப்புகைச் சீட்டு வரும். பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது கல்வி அலுவலகத்திலிருந்து தபால்காரர் மாதிரி ஒருவர் சைக்கிளில் வருவார், பத்தாம் வகுப்பு அறிவியல் நாற்பத்தொன்று பெற்றுக்கொண்டேன், கணக்கு நாற்பத்தொன்று பெற்றுக்கொண்டேன் என்று வரிசையாக அச்சடித்த தாளை நீட்டுவார், நான் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாப் பள்ளியின் சீட்டும் வந்து சேர்ந்தால்தான் லாரி கிளம்பும் என்பார்கள். திறக்கும் நாளில் புத்தகம் நூற்றுக்கு நூறு போய்ச் சேர்ந்தது என்று மேலே காட்டியாக வேண்டுமாம். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற கதைதான். தலைமை ஆசிரியையாக உட்கார்ந்த முதல் வருஷம் நான் இதென்ன அநியாயம் என்று கேட்டேன், டீச்சர், நீங்க சீட்டு குடுக்காட்டி உங்க பள்ளிக்கூடம்தான் கடைசி என்றார்கள். போட்டேன். ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் பத்து நாளில் புத்தகம் வந்துவிடும், அதனால் அதற்கப்புறம் கேட்கவில்லை. பதினேழு வருஷம் போட்டேன். உன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார், முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன், வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தாச்சுன்னு ஒரு நாளாவது எழுதியிருக்கேனா என்றார். அப்போது நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

போன வருஷம் பத்தாம் வகுப்புக்குப் பாடத்திட்டம் மாறியது. சீட்டு வந்தது, போட்டேன், புத்தகம் வரவில்லை. முதல் மாதம் காகிதம் வரவில்லை என்றார்கள், அப்புறம் அச்சு முடிந்தது தைக்கவில்லை என்றார்கள், அப்புறம் தைத்தாயிற்று லாரி இல்லை என்றார்கள். இணையத்தில் போட்டிருக்கிறோம் இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, இறக்கிப் பார்த்தால் முதல் நாலு பாடம்தான் இருந்தது, அதுவும் பெரிதாக மாறாமல், நாற்பத்தோரு பிள்ளைகளில் வீட்டில் சொந்தமாகப் போன் இருப்பது ஒன்பது பேருக்கு. நான் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கே இருக்கும் கிளார்க் அம்மா நல்லவள்தான், சட்டியில இருந்தாத்தானே டீச்சர் அகப்பையில வரும் என்று அவளும் கையை விரித்தாள். கடிதம் எழுதினேன், பதிலாக என்னுடைய சீட்டின் நகலையே அனுப்பினார்கள். நீங்கள் பெற்றுக்கொண்டதாக எங்கள் கோப்பில் உள்ளது என்று அடியில் ஒரு வரி. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் நான் நின்ற நிலையை உனக்கு எப்படிச் சொல்வேன். என் கையெழுத்தே என்னைப் பார்த்துப் பொய்க்காரி என்றது.

எறும்பைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், தையற்கடைக்காரர் மகள். எழுத்து எறும்பு ஊர்ந்தது போலப் பொடிப்பொடியாக, ஆனால் ஒரு எழுத்தும் கோணாமல் இருக்கும், அதனால் வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவள் ஒருநாள் என் அறைக்கு வந்து அலமாரியில் இருக்கும் பழைய அறிவியல் புத்தகத்தைத் தாங்க டீச்சர், நான் பார்த்து எழுதி எல்லாருக்கும் குடுக்கறேன் என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, எடுத்துட்டுப் போம்மா, இவங்க மாத்தறது அட்டையத்தான், உள்ளே எல்லாம் அதேதான் இருக்கும் என்றேன். கிண்டலாகச் சொன்னேன், அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கடையில் அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் உட்கார்ந்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம் எழுதினாள், படங்கள்கூட வரைந்தாள், இதயத்துக்குச் சிவப்பு நீலம் எல்லாம் போட்டு. அந்த நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றியது. பரீட்சையில் கேள்வித்தாள் புதுப் புத்தகத்திலிருந்து வந்தது, உள்ளேயும் மாற்றியிருந்தார்கள். நாற்பத்தொன்றில் இருபத்தாறு பேர் அறிவியலில் தோற்றுப்போய்விட்டார்கள், எறும்பும்தான். அந்த நோட்டை முழுசாக மனப்பாடம் செய்தது அவள் ஒருத்தி, அதனால் அவளுக்குத்தான் அடி பலம்.

புத்தகம் எப்போது வந்தது என்று கேட்கவில்லையே நீ. பரீட்சை முடிந்து பதினோராம் நாள் வந்தது. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டிய கட்டுகளை டிரைவர் தம்பி ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்து போடுங்கம்மா என்றார். அதெல்லாம் போன வருஷமே போட்டாச்சு தம்பி என்றேன். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஒரே ஒரு கட்டைத் தவிர எல்லாம் இன்னும் ஸ்டோர் ரூமில் பிரிக்காமல் இருக்கின்றன, கதவைத் திறந்தால் மை வாசனை வருகிறது. எனக்குப் பிடித்த வாசனைதான் அது, இப்போது நான் அந்தப் பக்கமே போவதில்லை.

இதற்குள் பெற்றோர் சிலர் சேர்ந்து கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். அரசாங்கம் அங்கே புத்தகம் எல்லாம் குறித்த நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டது, ஆதாரம் கேட்டதற்கு எங்கள் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக நீட்டியது. யார் பொறுப்பு என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று கோர்ட் ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டது. எங்கள் வட்டாரத்தில் நாற்பத்துமூன்று பள்ளி, அத்தனை தலைமை ஆசிரியர்களையும் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எல்லாரும் ஒருமுகமாகப் பேசி வைத்துக்கொண்டார்கள், கொஞ்சம் தாமதம், ஆனால் பரீட்சைக்கு முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கும் சொன்னார்கள். ஊரோட ஒத்துப் போங்க டீச்சர், ஏழு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க, வாயக் கொடுத்து எதுக்கு மாட்டிக்கறீங்க என்றார்கள். நான் நியாயத்துக்காகப் பொங்கி எழுந்தேன் என்று பெருமையாக நினைத்துவிடாதே மகளே. எனக்கு வெட்கம், அவ்வளவுதான். உள்ளே போனதும் பரீட்சை முடியும்வரை புத்தகம் வரவில்லை, வராமலேயே வந்தது என்று கையெழுத்துப் போட்டேன், பதினேழு வருஷமாக அப்படித்தான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வரவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று விசாரணை அதிகாரி கேட்டார். என் கையெழுத்துக்கு எதிராக நான் எதைக் காட்ட? கையோடு வாங்கிப் போயிருந்த எறும்பின் நோட்டைக் கொடுத்தேன். புத்தகம் வந்திருந்தால் ஒரு பிள்ளை எதற்கு ஐயா நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கத்தைக் கையால் எழுதுவாள் என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார், இதயப் படம் வந்த பக்கத்தில் நின்றுவிட்டார். நோட்டை வைத்துக்கொள்கிறோம் என்றார்கள், வாங்கிக்கொண்டதற்கு எனக்கு ஒரு சீட்டு கொடுங்கள் என்றேன். அங்கே இருந்த கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்து, இருங்கம்மா, பக்கத்தை எண்ணாம எப்படிக் கையெழுத்துப் போடறது, நாளைக்கு எங்க தலையில்ல உருளும் என்றார். எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாக எண்ணி முடித்தபிறகுதான் போட்டார். அவர் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

விசாரணை முடிந்தது. காகிதம் கொடுக்காதவருக்கு மெமோ இல்லை, அச்சடிக்காதவருக்கு இல்லை, லாரி அனுப்பாதவருக்கு இல்லை, நூற்றுக்கு நூறு என்று கோர்ட்டில் எழுதிக்கொடுத்தவருக்கும் இல்லை. பெறாததைப் பெற்றதாகக் கையெழுத்திட்டார் என்று எனக்கு மட்டும் மெமோ வந்திருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று உன் அப்பா வீடு அதிரக் கத்தினார், அப்புறம் அவரே, நீ ஒண்ணும் சும்மா கிடந்த அம்பு இல்லையே என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தோட்டப்பக்கம் போய்விட்டார். அவர் சொன்னதும் சரிதான். நடவடிக்கை முடியும்வரை நான் நாட்டை விட்டு வெளியே போக அனுமதி கிடையாது. எப்போது முடியும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் நீ யார் மீதோ கோபப்பட்டு முடித்துவிடுவாய், ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை உனக்கு மறைக்க எனக்கு மனசு வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை கல்வி அதிகாரி கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை, நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், உன் பிரசவம் பற்றி அவராகவே விசாரித்தார். மேசை மேல் இரண்டு தாள் இருந்தது. ஒன்று, நான் வெளிநாடு போக ஆட்சேபணை இல்லை என்று டைப் அடித்து அவர் கையெழுத்தும் போட்டது, தேதிகூட நீ வரச்சொன்னபடி நான் விண்ணப்பத்தில் எழுதிய தேதி. இன்னொன்று, புத்தகங்கள் பரீட்சைக்கு முன்பே வந்துவிட்டன, வயது காரணமாக எனக்கு நினைவு பிசகிவிட்டது என்று நான் எழுதிக்கொடுப்பதாக. ஒரு கையெழுத்துதானேம்மா, பொண்ணு பக்கத்துல இருக்க வேண்டாமா, அந்தப் பிள்ளைங்களுக்கு இனிமே என்ன திரும்ப வரப்போகுது என்றார். பேனாவை மூடி கழற்றியே நீட்டினார். கண்ணு, நான் அதை வாங்கினேன். சத்தியமாக வாங்கினேன். உனக்கு ஏழு வயசில் காய்ச்சல் வந்தபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகாதேம்மா போகாதேம்மா என்றாயே, அன்று இன்ஸ்பெக்‌ஷன் என்று உன் கையை விலக்கிவிட்டுப் போனவள் நான். இந்தத் தடவையாவது இருக்க வேண்டும் என்றுதான் நீ சேதி சொன்னதிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பேனாவைத் தாளில் வைத்தும் விட்டேன், ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. மூடியைத் தேடி எடுத்து மாட்டி, மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் உன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. வலி எடுத்து நீ அம்மா என்று கூப்பிடும்போது நான் அங்கே இருக்க மாட்டேன், அது மட்டும் தெரிகிறது. நீ என் மீது கோபப்பட்டால் பட்டுக்கொள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

எறும்பு இப்போது பள்ளிக்கூடம் வருவதில்லை. மறுதேர்வு எழுது என்று கடைக்கே போய்ச் சொன்னேன், மிஷினை நிறுத்தாமல், எந்தப் புத்தகத்தைப் படிக்கணும் டீச்சர் என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஸ்டோர் ரூமில் இருக்கும் கட்டைப் பிரித்து ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மிஷின் பக்கத்தில் பலகையில் வைத்திருக்கிறாள், பிரித்தாளா என்று கேட்கத் தைரியமில்லை. அவள் நோட்டு எப்போது திரும்பி வரும் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்து, பழைய பருத்தித் துணியைத் துவைத்து மெத்தென்று ஆக்கி அவளே சின்னச் சட்டைகளும் தொப்பிகளும் தைத்துக் கொடுத்தாள், பட்டன் உறுத்தும் என்று முடிச்சு வைத்திருக்கிறாள், தையல் ஒவ்வொன்றும் அவள் எழுத்து மாதிரியே இருக்கிறது. அதைத்தான் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல், கடைசி மாதம் உன்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போக வேண்டாம். அந்த ஊர்ப் பக்கத்து வீட்டு அம்மாவை ராத்திரிக்குத் துணை இருக்கச் சொல்லிக் கேள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பயப்படாதே, நல்லபடியாகப் பிள்ளையைப் பெற்றெடுத்து, இரண்டு பேரும் நூறு வயசு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், அதுவே நானும் அப்பாவும் கேட்பது.

ஒன்றை மறக்காதே. பார்சல்காரர் வாசலிலேயே நின்று சீட்டை நீட்டுவார், நேரமாகிறது முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்துவார். போடாதே. அவர் முன்னாலேயே பிரித்துப் பார். சட்டை ஆறு, தொப்பி மூன்று. எண்ணி, கையில் எடுத்துப் பார்த்த பிறகு போடு.

உன்னிடம் வந்து சேராத,
உன் அம்மா