உன் பெயரில் ஏழு வருஷம்

என் நைனாவுக்கு, கொரட்டூரில் நீ கட்டின வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு உன் பெரியவன் கோவிந்தன் எழுதுவது.

கப்பலை விட்டு இறங்கிப் பதினோரு நாள் ஆகிறது. நீ போய் ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டதாம். ஏரி நிரம்பிக் கிடக்கிறது. நீ இருந்திருந்தால் காலையிலேயே மதகுப் பக்கம் போய் நின்றிருப்பாய். தம்பி ஏழுமலை களையெடுக்க ஆள் விட்டிருக்கிறான். அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், ஆனால் பேசுவதில்லை.

பினாங்கிலிருந்து நான் எழுதின கடுதாசிகளை நீ ஏழுமலையை விட்டு இரண்டு தரம் படிக்கச் சொல்வாயாம். எங்கள் துரை கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, அதை மடித்துச் சட்டைப் பையிலேயே பத்திரப்படுத்திக்கொள்கிறார் என்று எழுதியிருந்தேனே, அதைக் களத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயாம். சீனன் கடையில் காப்பியைத் தட்டில் ஊற்றிக் குடிப்பதை எழுதினேன். மலாய்க்காரர்கள் ஆள்காட்டி விரலை நீட்டமாட்டார்கள், கட்டைவிரலால்தான் எதையும் காட்டுவார்கள் என்று எழுதினேன். அது தெரியாமல் ஒரு பெரியவரை நோக்கி நான் விரலை நீட்டிவிட, அவர் முகம் சுண்டிப்போனதையும் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று குமாஸ்தா பேர் கேட்டார். கோவிந்தன் என்றேன். தகப்பன் பேர் கேட்டார். வேலாயுதம் என்றேன். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார். வெள்ளைக்காரர்களுக்குக் கடைசியில் வருவதுதான் ஆளைக் கூப்பிடும் பெயராம், குடும்பத்துக்கே பொதுவானதாம். நமக்கு ஏது அந்த வழக்கம்? மறுநாள் காலையில் துரை ‘வேலாயுதம்’ என்று கத்தினார். நான் பதறிப்போய், நீ எங்கே வந்து நிற்கிறாய் என்று வாசலைப் பார்த்தேன்.

இந்த ஊரில் உன் எதிரில் உன் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அம்மா வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. நானே யாராவது கேட்டால்தான், அதுவும் தயங்கித் தயங்கித்தான் சொல்வேன். அங்கே வண்டிக்காரன்கூட அதைக் கூவித்தான் என்னைக் கூப்பிட்டான்.

ஒரு வாரம் பொறுத்து, திருத்தி எழுதுங்கள் என்று குமாஸ்தாவிடம் போய் நின்றேன். அவரும் மெட்ராஸ்காரர்தான். “இன்னா இப்போ? எந்தப் பேரா இருந்தா இன்னா, கூப்டா திரும்பு, அவ்ளோதான்” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. மூட்டை ஒன்று இடம் மாறிவிட்டால் போதும், துரை பத்துப் பேர் எதிரில் திட்டுவார். “வேலாயுதம், கழுதை, உனக்கு மூளை இருக்கிறதா?” என்பார். முதலில் உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு பழகிவிட்டது. பழகினது மட்டும் இல்லை நைனா, சௌகரியமாகவும் போய்விட்டது. திட்டு வேலாயுதத்துக்கு, கோவிந்தனுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றால் அவ்வளவாக வலிக்காது. சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு உனக்கு எழுத உட்காரும்போது நான் ஒரு சொல்லும் வாங்காத ஆள். எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டு வந்திருப்பேன். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

உனக்குக் காய்ச்சல் முற்றினபோது ஏழுமலை அம்பத்தூருக்கு ஓடித் தந்தி கொடுத்திருக்கிறான். வழக்கமாக எனக்கு வருகிற கடுதாசிகள் பினாங்கில் ஒரு மளிகைக் கடை விலாசத்துக்குத்தான் வரும். கம்பெனிக்கு அடித்தால்தான் உடனே கையில் சேரும் என்று தபால் ஆபீசில் சொன்னார்களாம். கோவிந்தன் என்று போட்டிருந்த தந்தியைக் கம்பெனி வாசலில் வாங்கி, பேரேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் அதற்குள் கோவிந்தன் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, நான் வெறும் ஜி. வேலாயுதம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பிவிட்டார்கள். ஏழுமலை அந்தப் பதிலை உன்னிடம் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டானாம். எல்லாம் முடிந்த பிறகு மளிகைக் கடைக்கு அவன் போட்ட கடுதாசியைப் பார்த்துத்தான் நான் கப்பல் ஏறினேன்.

நான் வந்து சேர்ந்த அன்று அம்மா ஒரே ஒரு தரம் பேசினாள். “மூணு நாளா கண்ணத் தொறந்து தொறந்து வாசலயே பாத்துகினு இருந்தாரு. பெரியவன் தந்தி வந்துச்சா, பெரியவன் தந்தி வந்துச்சான்னு. ஏழு வருசமா வேலை செஞ்ச எடத்துல ஒம் பேரு கூடவாடா தெரியாது? நீ அங்க இன்னாவா இருந்த?”

“உடும்மா, அண்ணன் இன்னா பண்ணும்?” என்றான் ஏழுமலை.

 உன் பெயரில்தான் இருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நீ இங்கே எனக்காகக் காத்துக்கிடந்த அந்த மூன்று நாளும் அங்கே உன்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் ‘வந்தேன் துரை’ என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

பெரியவன் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டா போனாய்? கோபமாவது பட்டாயா? ஏழுமலையிடம் கேட்டேன், கடைசியில் ஒன்றும் பேசவில்லை என்கிறான். பொய் சொல்கிறானோ என்னவோ. மூத்தவன் நான் உயிரோடு இருக்கும்போது அவன்தான் உனக்குக் கொள்ளி வைத்தான். இதற்கு என்ன செய்தும் ஈடு கட்ட முடியாது நைனா. பதினோரு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு வழியும் இல்லை.

வியாழக்கிழமை கப்பல். போகாமல் முடியாது, இந்த நிலம் ஒரு குடும்பத்துக்கே இழுபறியாகத்தான் இருக்கிறது. போனதும் துரையின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, “வேலாயுதம் இறந்துவிட்டார். நான் அவர் மகன், என் பேர் கோவிந்தன்” என்று சொல்வேன். அவருக்கு ஒன்றும் விளங்காது. மறுநாளும் பழையபடிதான் கத்துவார். அப்போது நான் திரும்பமாட்டேன். வேலை போனாலும் திரும்பமாட்டேன். இனிமேல் வாங்குகிற திட்டையெல்லாம் என் பெயரிலேயே வாங்கிக்கொள்கிறேன், இது உன்மேல் ஆணை.

உனக்குக் கொள்ளி வைக்காத உன் மூத்த மகன்,
கோவிந்தன்