எம்.பி.யின் ஞானப்பிள்ளைகள்

18 நவம்பர் 1974, திங்கள்

தேர்தல் முடிந்ததென்று மூச்சு விடுவதற்குள் அடுத்த ஓட்டு. டிசம்பர் எட்டாம் தேதி. லண்டனில் இருக்கும் ராஜா ஏதென்ஸுக்குத் திரும்பி வரவேண்டுமா, வேண்டாமா? சதுக்கத்தில் எங்கள் காப்பிக்கடை ராஜா கட்சி. எதிரே ஸ்டாமாட்டிஸ் கடை குடியரசுக் கட்சி. இங்கே காப்பி குடிப்பவன் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். அப்பா ராஜா குழுவுக்குத் தலைவர், ஸ்டாமாட்டிஸ் அந்தக் குழுவுக்கு. நான் டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் லைன் போட்டுத் தருகிறேன்.

நான் கட்டிக்கொள்ளப் போவது ஸ்டாமாட்டிஸ் மகன் லெஃப்தேரிஸை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிறன்று வந்து கேட்கிறானாம். பார்ப்போம் அவன் தைரியத்தை!

24 நவம்பர், ஞாயிறு

கேட்டேவிட்டான். நாற்காலி பறக்கும் என்று கதவோரம் தயாராக நின்றேன். அப்பாவோ சிரித்தார்.

"உன் ஞானத்தகப்பன் யாருப்பா?"

"எம்.பி. வர்துகாஸ்."

"எம் பொண்ணு ஆஸ்பசியாவுக்கும் அவருதான். அப்ப நீங்க அக்கா தம்பி ஆச்சே. அக்காவத் தம்பிக்குக் கட்டிக் குடுக்கச் சொல்றியா?"

பாதிரியார் ஊருக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அவரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஞானஸ்நானத்தில் ஒரே கை தூக்கிய பிள்ளைகள் கூடப்பிறந்த மாதிரியாம், கல்யாணம் செய்துவைக்க மாட்டாராம்.

எல்லாம் அந்த வர்துகாஸால். ஓட்டுக்காக ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஞானத்தகப்பனாக நிற்காத எம்.பி. உண்டா? விவரமானவர்கள் பெண் குழந்தைக்கு மட்டும் நிற்பார்கள், அல்லது ஆணுக்கு மட்டும். பின்னால் யார் யாரைக் கட்டினாலும் வில்லங்கம் வராது. இவரும் ராஜா கட்சியில் இருந்தவரை பெண் குழந்தைதான். நாற்பத்தொன்பதில் என்னைத் தூக்கினார். ஐம்பதில் கட்சி தாவினார், அங்கே ஆண் குழந்தைகளாகத் தூக்க ஆரம்பித்தார். ராஜா வீடும் குடியரசு வீடும் எந்தக் காலத்தில் சம்பந்தம் செய்யப்போகிறது என்று நினைத்திருப்பார். செத்துப்போய்விட்டார், இல்லையென்றால் போன் போட்டுத் திட்டியிருப்பேன்.

25 நவம்பர்

அழுதேன். போதும்.

30 நவம்பர், சனி

அப்பா ஸ்பார்ட்டாவில் ஒரு மருந்துக்கடைக்காரரைப் பிடித்துவிட்டார். புனித நிக்கோலாஸ் திருநாளன்று வருகிறார். அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிடுவார்களாம். கொடுத்த வாக்கை அப்பா மாற்றமாட்டார், அது எனக்குத் தெரியும். அதற்குள் ஏதாவது நடக்கவேண்டும். என்ன நடக்கும்?

4 டிசம்பர், புதன்

லெஃப்தேரிஸ் போன் பேச வந்ததுபோல வந்தான். "வீட்டுல ரெண்டு பேரும் சண்டை. 'சொல்லித் தொலையேன்யா'ங்கிறா அம்மா. 'ஓட்டு முடியட்டும்டி'ங்கிறாரு அப்பா. என்னன்னு கேட்டா ரெண்டு பேரும் கப்சிப்." எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

6 டிசம்பர், வெள்ளி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சந்தோஷத்தில்தான்.

மருந்துக்கடைக்காரர் வந்தார். பாவம், நல்ல மனிதர். பாகில் ஊறிய செர்ரியை அவர் வாயில் வைக்கப்போகும்போது கடை முழுக்க அமைதியாகிவிட்டது. எட்டிப் பார்த்தால் — ஸ்டாமாட்டிஸ்! எங்கள் கடைக்குள்!

"பான்டெலிஸ், என் பையனுக்கு ஞானத்தகப்பன் வர்துகாஸ் இல்ல," என்றார் அப்பாவிடம்.

"இத்தன வருஷமா நீதானேய்யா பீத்திக்கிட்ட?" என்றார் அப்பா.

"பொய்தான் சொன்னேன். அந்த வருஷம் மந்திரிசபை எத்தன தடவ கவுந்துதுன்னு உனக்கே தெரியும். அன்னிக்கும் ஆட்டங்கண்டுபோச்சு, ஏதென்ஸ விட்டு வர முடியலன்னு தந்தி குடுத்துட்டாரு. விருந்தாளிங்க எல்லாம் வீட்டுல பாட்டில தொறந்துட்டாங்க. கோயில்ல நானும் பழைய பாதிரியாரும்தான். தந்தி கொண்டாந்த ஆளு கையிலயே புள்ளயக் குடுத்துட்டோம். எம்.பி. அவசரமா கெளம்பிட்டாருன்னு விருந்துல சொல்லிட்டேன்."

"யாரு அந்த ஆளு?"

ஸ்டாமாட்டிஸ் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுய்யா!"

"ஏட்டு ஆர்கிரிஸ்! போதுமா?"

ராஜாவின் போலீஸ்! தொப்பியில் கிரீடம் குத்திய ஏட்டு! குடியரசுக் குழுத் தலைவரின் ஒரே மகனுக்கு ஞானத்தகப்பன்! கடையே குலுங்கியது. அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஸ்டாமாட்டிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டு நின்றார். அதைக் கவனித்ததும் அப்பா சிரிப்பை நிறுத்தினார்.

"நாளன்னிக்கு ஓட்ட வச்சிக்கிட்டு இதச் சொல்லவா வந்த?"

"ஓட்டு இன்னொரு தடவ வரும். எனக்குப் பையன் ஒருத்தன்தான்."

ஏட்டு ரிட்டயராகி கலமாட்டாவில் இருக்கிறாராம். "போடுடி லைன" என்றார் அப்பா. ஆபீசுக்கு ஓடிப்போய்ப் போட்டேன், பாதிரியாரையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வந்தார்கள். அப்பா, ஸ்டாமாட்டிஸ், பாதிரியார் மூவரும் ஒரே போனில் காது வைத்தார்கள். "ஆமாய்யா," என்று கத்தினார் ஏட்டு. "அப்பல்லாம் தந்தி போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வரும். கொண்டுபோய்க் குடுத்தா ஒரு காப்பி தருவாங்கன்னு போனேன். புள்ளயக் குடுத்தானுங்க."

பாதிரியார் தாடியைத் தடவி, தடையில்லை என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "ராஜா போலீசு தூக்கின புள்ள. இவன் நம்ம ஆளுடி."

திரும்பி வந்தால் மருந்துக்கடைக்காரர் செர்ரியை முடித்துவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "மன்னிச்சிருங்க ஐயா, நானும் குடியரசுக்குத்தான் ஓட்டு," என்றார். அப்பாவுக்கு மிச்சமிருந்த வருத்தமும் போய்விட்டது.

8 டிசம்பர்

ஓட்டுப் போட்டேன். எதற்கென்று இங்கேகூட எழுதமாட்டேன்.

9 டிசம்பர், திங்கள்

எங்கள் லகோனியா மாவட்டத்தில் ராஜா ஜெயித்தார், நாட்டில் தோற்றார். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எதிர்க்கடையில் பாட்டு ஆரம்பித்தது, கொஞ்சத்தில் நின்றுவிட்டது. ஸ்டாமாட்டிஸ்தான் நிறுத்தச் சொன்னாராம். "எதுக்கு நிறுத்துறான்? ஜெயிச்சவன் பாடட்டுமே," என்றார் அப்பா. பிறகு சாப்பிட வந்தார்.

19 ஜனவரி 1975, ஞாயிறு

கல்யாணம் ஆயிற்று! முறைப்படி மாப்பிள்ளையின் ஞானத்தகப்பன்தான் எங்கள் தலையில் கல்யாணக் கிரீடம் வைக்கவேண்டும். ஏட்டு வைத்தார். என் மாமனார் ஸ்டாமாட்டிஸ் எல்லார் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். முகம் எலுமிச்சை கடித்ததுபோலத்தான் இருந்தது, ஆனால் இரண்டு கன்னத்திலும் கொடுத்தார்.

16 நவம்பர் 1975, ஞாயிறு

மகள் பிறந்து மூன்று வாரம். இன்றைக்குப் புது எம்.பி.யிடமிருந்து ஆள் வந்தான், கையில் தங்கச் சிலுவையோடு. "ஐயா ஞானத்தகப்பனா நிக்க ஆசப்படறாரு." அப்பா மாமனாரைப் பார்த்தார். மாமனார் அப்பாவைப் பார்த்தார்.

"வேண்டாம்!"

இரண்டு பேரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டு இன்றுதான் பார்க்கிறேன். அவன் போனதும், யாரை நிற்கச் சொல்வது என்று ஆரம்பித்தார்கள். இன்னும் முடியவில்லை. கத்தல் இந்த அறைவரைக்கும் கேட்கிறது. குழந்தை அவள்பாட்டுக்குத் தூங்குகிறாள்.