நான்காவது இருக்கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதி அடித்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

கார் என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் போனில் கேட்கிறாய், அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றே சொல்லி வைத்துவிடுகிறார், அதனால் நான் எழுதுகிறேன். பழைய காரில் இனி உன் தம்பியை ஏற்ற முடியாது. போன மாதம் பிசியோதெரபி பயிற்சிக்குக் கிளம்பும்போது அவனை வீல்சேரிலிருந்து தூக்கிய அப்பாவுக்குப் பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது, நான் ஓடி வருவதற்குள் அவன் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் சரிந்துவிட்டான். பெரிய காயமில்லை. அவனுக்குக் குருவி என்று செல்லப்பெயர் வைத்த காலத்தில் ஒரே கையால் தூக்கினோம், இப்போது அறுபத்தெட்டு கிலோ. கீழே கிடந்தபடியே, அப்பா, இனிமே என்னைக் கழுகுன்னு கூப்பிடுங்க என்றான். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பயிற்சி நின்றுவிட்டது, முழங்கால் மறுபடியும் இறுக ஆரம்பித்திருக்கிறது.

நீ சொன்ன ஏழு பேர் உட்காரும் வண்டியைத்தான் முதலில் பார்த்தோம். அப்பா ஒரு வாரம் டேப்பும் கையுமாக அலைந்து வீல்சேரின் அகலம், நீளம், உயரம் எல்லாம் குறித்துக்கொண்டார். ஷோரூம்காரர், கூரையில கண்ணாடி இருக்கு மேடம், வானத்தைப் பார்த்துக்கிட்டே போகலாம் என்றார். பின்பக்கம் சாய்பலகை வைத்து ஏற்றினோம். சக்கரம் கச்சிதமாகப் போயிற்று, தம்பியின் நெற்றி கூரையில் இடித்தது. வீட்டுக் கதவு, குளியலறை, லிஃப்ட் என்று இத்தனை வருடமும் வீல்சேரை வைத்தே அளந்து பழகியவர்கள், அதில் உட்கார்ந்திருப்பவனை அளக்க மறந்துவிட்டோம், இரண்டு பேரும் படித்தவர்கள் வேறு. ஷோரூம்காரர், தம்பி கொஞ்சம் குனிஞ்சுக்கிட்டா போதுமே சார் என்றார். போகும் வழியெல்லாமா என்று கேட்டேன்.

கடைசியில் கூரை உயர்ந்த சரக்கு வேன் ஒன்றைப் பிடித்தோம். பட்டறைக்காரர் அளவெடுத்துவிட்டு, முன்னாடி ரெண்டு சீட்டு, பின்னாடி தம்பியோட வீல்சேர், அவ்வளவுதாம்மா, இன்னொரு சீட்டு போட்டா வீல்சேரைக் கட்டுற பெல்ட்டுக்கு இடமில்லை என்றார். தரையில் பின்னால் இருந்த இருக்கையைக் கழற்றிய இடத்தில் நான்கு துளைகள் இருந்தன. அடைச்சிடவா, பின்னாடி யாராவது வந்தா தேவைப்படுமா என்று கேட்டார். அடைத்துவிடுங்கள் என்றேன். தகடு வைத்து என் கண்ணெதிரே பற்றவைத்தார். திரும்பும் வழியில் அப்பா, அவ வந்தா எங்க உக்காருவா என்றார். நமக்குப் பின்னாடி டாக்சியில வருவா என்றேன்.

வேன் பட்டறையிலிருந்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் ஓட்டியாக வேண்டும், ஷோரூமில் சாய்பலகையில் தள்ளி ஏற்றுவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தின் விண்ணப்பம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அப்பா கையெழுத்துப் போடவில்லை, நான் கிழிக்கவுமில்லை. நேற்று தம்பி, அக்காகிட்ட சீட்டை எடுத்துட்டோம்னு சொல்லிட்டீங்களா என்று கேட்டான்.

நீ கிளம்பிய அன்று, இங்கே இருப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று விமான நிலையத்தில் சொன்னேன். அந்தச் சொல்லை எவ்வளவு காலம் காப்பாற்ற முடியும் என்று தெரியவில்லை. பின் இருக்கையை அடைத்துவிட்டேன். ஓட்டுகிறவரின் இருக்கை ஒருநாள் காலியாகும், அதில் நீ வந்து உட்கார வேண்டாம் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இதுவரை எழுத வரவில்லை.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் இரு. உன் டிரைவிங் லைசென்ஸ் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது, அடுத்த மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லவில்லை, தேதியை மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா